நீடாமங்கலம் கேட்டும் ஒரு சைக்கிள் டீச்சரும்

காலை 4.40. தஞ்சாவூர் மருத்துவக்கல்லூரி சாலையை ஒட்டிய ஒரு தெருவில், ஒரே ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. வாசலில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார் டீச்சர். வயது 37. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார். அவருக்குப் பெயர் உண்டு என்றாலும், தெருவில் 'சைக்கிள் டீச்சர்' என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். படியில் உட்கார்ந்து இரண்டு தண்ணீர் பாட்டிலின் மூடியையும் திருகித் திருகிப் பார்ப்பது அவருடைய அம்மா.

"இன்னைக்கு எம்புட்டு தூரம் பாப்பா?"

"130 மா."

"எங்க போற?"

"கும்பகோணம், குடவாசல், கொரடாச்சேரி, நீடாமங்கலம். ஒரு சுத்து சுத்திட்டு மத்தியானம் வந்துருவேன்."

"யாரு வீட்டுக்கு?"

"யாரு வீட்டுக்கும் இல்லம்மா."

ஒவ்வொரு ஞாயிறும் இதே கேள்வி, இதே பதில்தான். அம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்பதில்லை. மகள் தெரு முனையில் திரும்புகிற வரை சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போவார்.

சைக்கிள்காரர்கள் பேச்சில் 'செஞ்சுரி'க்கு இரண்டு அர்த்தம் உண்டு. நம் ஊரில் பெரும்பாலும் 100 கிலோமீட்டரைச் சொல்வார்கள். பழைய கணக்கு மைல் கணக்கு. 100 மைல் என்றால் 160.9 கி.மீ. டீச்சர் மார்கழியில் முதல் செஞ்சுரியை ஓட்டி முடித்துவிட்டார். இப்போது மாசி பிறக்கப்போகிறது. இன்னும் இரண்டு வாரத்தில் அந்தப் பெரிய நூறு. அதற்கு முன் கடைசி நீளப் பயிற்சிதான் இந்த ஞாயிற்றுக்கிழமை.

பயிற்சியிலேயே 160-ஐ ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இலக்கில் முக்கால் பங்குக்கு மேல் ஒருமுறை உடம்பு சேதாரமில்லாமல் ஓட்டிவிட்டால், மீதியை அன்றைய தினத்தின் உற்சாகம் பார்த்துக்கொள்ளும் என்பது இதில் அனுபவப்பட்டவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 160-ல் 130 என்பது 80 சதவிகிதத்துக்குக் கொஞ்சம் மேலே. கணக்கு டீச்சருக்கு இது போதும்.

இதைக் கேட்டதும் 'எதுக்கு இந்த வேலை?' என்று தோன்றுகிறவர்களுக்கு ஒரு தகவல். பிரான்ஸில் நான்கு வருடத்துக்கு ஒருமுறை பாரிஸிலிருந்து பிரெஸ்ட் என்ற கடற்கரை ஊர் வரை போய்த் திரும்புகிற ஒரு பயணம் நடக்கிறது. 1,200 கி.மீ., 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 1891-ல் பந்தயமாக ஆரம்பித்தது. 2019, 2023 இரண்டு முறையும் இந்தியாவிலிருந்து நிறைய பேர் போனார்கள். அதற்குத் தகுதி பெற 200, 300, 400, 600 என்று படிப்படியாக ஓட்டிக் காட்ட வேண்டும். முதல் படியான 200 கி.மீ.க்குக் கொடுக்கப்படும் நேரம் பதின்மூன்றரை மணி. அந்தக் கூட்டத்தோடு ஒப்பிட்டால் டீச்சர் மிகவும் தெளிவானவர்.

ஆனாலும் அவருக்கு ஒரு பழைய பாக்கி இருந்தது. அது நீடாமங்கலத்தில்.

போன ஆடியில் நடந்தது. தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போய்த் திரும்புவதாகத் திட்டம். போகும்போது சைக்கிள் பறந்தது. 'நமக்குள்ள இவ்வளவு தெம்பா!' என்று அவருக்கே ஆச்சர்யம். திருவாரூரில் தெப்பக்குளத்தைச் சுற்றிவிட்டு, செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பியபோதுதான் தெரிந்தது, இவ்வளவு நேரம் சைக்கிளை ஓட்டியது அவரில்லை, முதுகுக்குப் பின்னால் இருந்த காற்று என்பது. ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. கிழக்கே போகிறவரைத் தள்ளிவிடும், மேற்கே திரும்புகிறவரின் நெஞ்சில் கை வைத்துத் தடுக்கும்.

டெல்டாவில் மலை கிடையாது, மேடுகூடப் பாலத்துக்குப் பாலம் ஏறி இறங்குவதுதான். வெளியூர் சைக்கிள்காரர்கள் 'உங்களுக்கென்ன, சமதளம்' என்பார்கள். சமதளத்தில் ஒரு கஷ்டம் இருக்கிறது. மேடு ஏறினால் இறக்கத்தில் காலுக்கு ஓய்வு கிடைக்கும், சீட்டிலிருந்து எழுந்து நிற்கலாம். இங்கே அந்தச் சலுகை இல்லை. மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நிற்கும். ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே வேகத்தில் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்றும் எதிரே நின்றுவிட்டால், அதைவிடப் பெரிய மலை வேண்டாம்.

அன்று நீடாமங்கலத்துக்கு வந்து சேரும்போது 80 கி.மீ. தாண்டியிருந்தது. மணி 12. ரயில்வே கேட் மூடியிருந்தது. நீடாமங்கலம் கேட்டைப் பற்றி டெல்டாக்காரர்களிடம் சொல்லத் தேவையில்லை. காத்துக்கிடந்த கதை ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். டீச்சர் இறங்கி, ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்தார். ரயில் போனது. கேட் திறந்தது. பின்னால் இருந்த பஸ் ஹாரன் அடித்தது. அவரால் காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியவில்லை. தொடை இரண்டும் கெட்டிப்பட்டு நின்றன. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. யாரோ ஒரு தம்பி சைக்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் வைத்தார். வீட்டுக்காரருக்கு போன். ஒரு மணி நேரத்தில் கார் வந்தது. பின்சீட்டில் சைக்கிளும் டீச்சரும்.

காற்றைப் பற்றி எல்லோரிடமும் சொன்னார். சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அன்று அந்த 80 கிலோமீட்டருக்கும் அவர் குடித்த தண்ணீர் மொத்தமே ஒரு லிட்டர்தான். பாட்டிலில் இல்லாமல் இல்லை. குடித்தால் ஒதுங்க இடம் வேண்டும். ஆண்கள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு எந்த வேலிக்கும் முதுகைக் காட்டிவிடுகிறார்கள். வயலும் வரப்புமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளியாக இருக்கும் ஊரில் ஒரு பெண் எங்கே போவது? நடவுக்குப் போகிற பெண்கள் காலம் காலமாக அடக்கிக்கொண்டு வேலை பார்ப்பதும் இதே வெட்டவெளியில்தான். ஆகவே உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டே ஓட்டினார். ஆடி வெயிலில் மணிக்கு அரை லிட்டராவது உள்ளே போக வேண்டிய உடம்பு, பாதிகூடக் கிடைக்காமல் கேட்டடியில் உட்கார்ந்துவிட்டது.

அம்மாவுக்கு மட்டும் அது எப்படியோ தெரிந்திருந்தது. அன்று இரவு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து உப்பும் சர்க்கரையும் போட்டு ஒரு சொம்பு நிறையக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, "தண்ணி குடிக்காமப் போனியா?" என்றார். அவ்வளவுதான்.

அதனால் இந்த முறை வரைபடத்தில் டீச்சர் முதலில் குறித்தது ஊர்களை அல்ல, கழிவறைகளை. கும்பகோணத்தில் சாப்பிடுகிற ஹோட்டல். குடவாசலுக்கு அருகே ஒரு பெட்ரோல் பங்க். நீடாமங்கலத்தில் கூட வேலை பார்க்கும் டீச்சர் வீடு. இந்த மூன்று புள்ளிகளையும் கோடு போட்டு இணைத்ததுதான் அன்றைய பாதை. இரண்டாவதாகக் காற்று. தை, மாசியில் காற்று கிழக்கிலிருந்து வரும். எனவே உடம்பில் தெம்பிருக்கும் காலையில் காற்றை எதிர்த்துக் கிழக்கே போக வேண்டும். களைத்த பிறகு மத்தியானம் மேற்கே திரும்பினால் அது முதுகைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும்.

ஐந்து மணிக்குக் கிளம்பியாயிற்று. கரந்தையைத் தாண்டி வடக்கே திருவையாறு சாலை. 13 கி.மீ.தான். அதற்குள் வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று பாலங்கள். ஊருக்குள் வடவாற்றையும் சேர்த்தால் ஐந்து. இருட்டில் ஆறு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பாலத்தில் ஏறும்போது முகத்தில் படுகிற குளிர் மாறும், அதை வைத்து எண்ணிக்கொள்ளலாம். மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். அதனால் ஆறுகளில் தண்ணீர் வற்றி, மணல் திட்டுக்கு நடுவே ஆங்காங்கே தேங்கி நின்றது. ஜூன் 12 வாக்கில் மறுபடி திறந்தால்தான் இந்தப் பாலங்களுக்கு அடியில் சத்தம் கேட்கும்.

திருவையாற்றிலிருந்து கும்பகோணம் வரை காவிரியை ஒட்டியே போகிற சாலை, சைக்கிளுக்கென்றே போட்டது போல இருக்கும். கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம், சுவாமிமலை. வாழை, கரும்பு, வெற்றிலைக் கொடிக்கால், மறுபடி வாழை. பனி இறங்கிக் கிடந்தது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் சலித்துப்போய்க் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். எதிர்க்காற்று லேசாகத்தான். ஆனாலும் மணிக்கு 20-ஐத் தாண்ட அவர் தன்னை விடவில்லை. பால்காரர்கள் முந்திக்கொண்டு போனார்கள். பைக்கில் வந்த இரண்டு பையன்கள் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, "அக்கா, எத்தனை கியர்?" என்று கேட்டார்கள். "இருபத்தொன்னு." "விலை?" சொன்னதும், "இதுக்கு ஸ்கூட்டியே வாங்கிருக்கலாமே!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இந்த யோசனை இதுவரை நாற்பது பேராவது சொன்னது.

கும்பகோணத்தில் மணி ஏழரை. 48 கி.மீ. இரண்டு இட்லி, ஒரு பொங்கல், ஒரு டிகிரி காபி. பாட்டில்களை நிரப்பி, ஒன்றில் மட்டும் உப்பு - சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினார். பாக்கெட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வயிற்றுப்போக்குக்கு வீட்டில் கலக்கிக் கொடுப்பதுதான். வியர்வையில் போவது தண்ணீர் மட்டுமில்லை, உப்பும்தான். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து என்பதை ஆடி கற்றுக்கொடுத்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டார்.

காபி ஆறுகிற நேரத்தில் அம்மாவின் போன். "காத்து எப்படி இருக்கு?"

அம்மாவுக்குக் காற்று தெரியும். அவருடைய ஊர் புதுக்கோட்டை மாவட்டம், கீரனூர் பக்கத்தில் ஒரு கிராமம். ஆறும் வாய்க்காலும் இல்லாத வானம் பார்த்த பூமி. 1991-ல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதில் தீவிரமாக நின்றார். பெண்களுக்கு சைக்கிள் வாங்க வங்கிக் கடனும் ஏற்பாடானது. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டையை வலம் வந்ததைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரை, சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் எட்டாம் வகுப்பு இந்திப் பாடமாகவும் பல ஆண்டுகள் இருந்தது. வடக்கே எத்தனையோ பிள்ளைகளுக்குப் புதுக்கோட்டை என்ற பெயர் அப்படித்தான் அறிமுகம்.

அம்மா கற்றுக்கொண்டதும் அந்த வருடம்தான், பஞ்சாயத்துப் பள்ளி மைதானத்தில், ராத்திரியில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில். வயது 25. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். முன்னால் இருக்கிற பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. இதையும் சாய்நாத் குறித்திருக்கிறார். டீச்சருக்கு அது குறிப்பு அல்ல. அந்த பாரில் துண்டைச் சுற்றி உட்கார்ந்து போன நான்கு வயதுப் பிள்ளை அவர்தான். வீட்டிலிருந்து மூன்று கி.மீ. தள்ளி இருந்த பாலவாடியில் அம்மாவுக்கு ஆயா வேலை. போக மூன்று, வர மூன்று. ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் பை தொங்கும். எதிர்க்காற்று அடித்தால் அம்மா குனிந்துகொள்வார். அப்போது அவருடைய தாடை பிள்ளையின் உச்சந்தலையில் வந்து இடிக்கும்.

சைக்கிள் என்றால் அம்மாவுக்கு வேலை. தண்ணீர்க் குடம், ரேஷன் அரிசி, பாலவாடி, ஆஸ்பத்திரி. அதனால்தான் ஒவ்வொரு ஞாயிறும் 'யாரு வீட்டுக்கு?' என்று கேட்கிறார். போய்ச் சேர ஒரு இடம் இல்லாமல் ஒருத்தி ஏன் மிதிக்க வேண்டும்? மகளுக்கு இன்றுவரை இதற்குச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. முட்டி தேய்ந்து அம்மா சைக்கிளை விட்டுப் பத்து வருடம். அப்பா போன பிறகு தஞ்சாவூருக்கே வந்துவிட்டார். ஊர்ப் பக்கம் போய் ஆறு வருடம் ஆகிறது. போகணும் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. போகலாமா என்று யாரும் கேட்டதும் இல்லை.

எட்டு மணிக்கு அரசலாற்றைத் தாண்டி நாச்சியார்கோயில் சாலை. குத்துவிளக்குப் பட்டறைகளில் ஞாயிற்றுக்கிழமையும் தட்டுகிற சத்தம். அதற்கப்பால் வெளி விரிந்தது. சம்பா அறுவடை பாதி முடிந்திருந்தது. அறுவடை இயந்திரம் இறங்கி ஏறிய இடங்களில் சாலை முழுக்கச் சேறு காய்ந்து கட்டி கட்டியாகக் கிடந்தது. வைக்கோல் ஒரு பிரி பின்சக்கரப் பல்லில் சுற்றிக்கொண்டு, நிறுத்தி, குச்சியால் நோண்டி எடுக்க வேண்டியதாயிற்று. பத்து நிமிடம் போயிற்று.

குடவாசலுக்கு அருகே குறித்து வைத்திருந்த பங்கில் கழிவறைக்குப் பூட்டு. சாவி வைத்திருப்பவர் இன்னும் வரவில்லையாம். டீச்சர் பாட்டிலைப் பார்த்தார். கரைசல் முக்கால்வாசி இருந்தது. ஆடியில் செய்ததையே செய்யத்தான் கை போயிற்று. மூடியைத் திருகி வைத்துவிட்டு ஏறி மிதித்தார்.

கொரடாச்சேரி சாலையில் திரும்பியதும் நெல். சாலையின் பாதியை அடைத்து, பொன்னிறத்தில் ஒரு நீளப்பாய் விரித்தது போல. ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். பனி விலகி வெயில் ஏறிய பிறகுதான் படுதாவை எடுத்துப் பரப்புவார்கள், அது இப்போதுதான் நடந்திருக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். இருந்தால்தான் 40 கிலோ மூட்டையாகத் தைத்து ஏற்றுவார்கள். களம் எல்லா ஊரிலும் போதுமான அளவுக்கு இல்லை. தார்ச்சாலை சீக்கிரம் சூடாகும். 'ரோட்டில் நெல் காயப்போடுகிறார்கள், விபத்து நடக்கிறது' என்று காரில் போகிறவர்கள் கோபப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. இரவில் அந்தக் கற்கள் உண்மையிலேயே ஆபத்து. ஆனால், அந்த நெல்லுக்கு வேறு இடம் எங்கே என்பதற்குக் காரில் போகிறவர்கள் யாரிடமும் பதில் இல்லை.

எதிரே லாரி வந்தது. ஒதுங்க இடமில்லை. டீச்சர் இறங்கி, நெல்லின் ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். நெல்லுக்குள் காலை அளைந்து அளைந்து வரி போட்டுக்கொண்டே வந்த ஒரு அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் துண்டு.

"ஏம்மா எறங்கி நடக்குற? ஏறிப் போயேன்."

"நெல்லு மேல ஏறிடும்க்கா."

"லாரியே ஏறிட்டுப் போவுது. உன் சைக்கிளா நசுக்கப்போவுது? எங்கேருந்து வர்ற?"

"தஞ்சாவூரு. கும்பகோணம் போயிட்டு வர்றேன்."

"பஸ்ஸு இல்லியா?"

"இருக்குக்கா. சும்மாதான்."

"சும்மாவா?" அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் காக்கை பறந்தது. கிட்டே வந்து, சைக்கிளின் பாரைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். "இம்புட்டு லேசா இருக்கு! எம் பொண்ணுக்கு ஸ்கூல்ல கவர்மென்ட்டு சைக்கிள் குடுத்தாங்க. ரெண்டு வருஷம் அதுலதான் போச்சு. கட்டிக் குடுத்தாச்சு. இப்ப அதுல ஆட்டக் கட்டி வச்சிருக்கோம்." கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்தார். "ஏன் ஒரு மாதிரி இருக்க? ஒதுங்கணுமா?"

டீச்சர் தலையாட்டினார்.

"அந்தப் பச்சை செவுரு நம்ம வீடுதான். பின்பக்கம் கக்கூஸ் இருக்கு, தண்ணி வச்சிருக்கேன். போயிட்டு வா. வண்டிய நான் பாத்துக்கிறேன். நாய் கொலைக்கும், ஒண்ணும் பண்ணாது."

திரும்பி வந்தபோது சைக்கிள் வேப்பமர நிழலுக்கு மாறியிருந்தது. சீட்டின் மேல் ஈரத்துண்டு ஒன்றைப் போட்டு வைத்திருந்தார், சூடேறாமலிருக்க. டீச்சர் பாட்டிலைத் திறந்து அங்கேயே நின்று அரை லிட்டரையும் குடித்தார். பையிலிருந்த கடலை மிட்டாயில் பாதியை நீட்டினார். "சுகர் இருக்கும்மா எனக்கு" என்று சொல்லிவிட்டு, வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

அந்த இடத்தில் 75 கி.மீ. அதற்கப்புறம் சைக்கிள் வேறு மாதிரி ஓடியது. கொரடாச்சேரியில் மேற்கே திரும்பியதும் காற்று பின்னால் வந்தது. ஆனால் ஆடியில் நம்பியது போல அதை நம்பவில்லை. அரை மணிக்கு ஒருமுறை ஒரு வாழைப்பழமோ நாலு பேரீச்சையோ. பத்து நிமிடத்துக்கு ஒரு மிடறு. பசித்த பிறகு சாப்பிடுவதும் தாகமெடுத்த பிறகு குடிப்பதும் வீட்டில் சரி, இந்த வேலைக்குத் தாமதம்.

நீடாமங்கலம் கேட். மணி 11.20. மூடியிருந்தது.

அதே இடம். அதே பெட்டிக்கடை. முன்னால் ஒரு மணல் லாரி, பின்னால் கல்யாணத்துக்குப் போகிற வேன். டீச்சர் இறங்கவில்லை. ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார். தொடையை விரலால் குத்திப் பார்த்தார். வலி இருந்தது. ஆனால் கெட்டிப்படவில்லை. ரயில் போன பிறகும் கேட் திறக்க ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடமும் அவருக்குக் கை நடுங்கியது. வேனிலிருந்த சின்னப் பெண் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஆன்ட்டி, ரேஸா?" என்றது. "இல்லடா" என்பதற்குள் கேட் தூக்கியது. இடது கால் மிதிக்கு ஏறியது. வலது காலும். தண்டவாளத்தில் இரண்டு தடதட. அப்புறம் சாலை. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு மணல் லாரிதான் காரணம் என்று பிற்பாடு சொன்னார்.

தோழி வீட்டில் மோர். அங்கிருந்து தஞ்சாவூர் சாலையில் கோயில்வெண்ணி. கரிகாலன் பெரும்போரில் வென்றதாகச் சொல்லப்படும் வெண்ணி இதுதான். இப்போது அந்த ஊருக்கு அதிகம் வருகிறவர்கள் சர்க்கரை நோயாளிகள். கரும்பேஸ்வரருக்கு ரவையும் சர்க்கரையும் கலந்து படைத்து எறும்புக்குப் போட்டால் குணமாகும் என்ற நம்பிக்கை. வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பும் இந்தப் பக்கம்தான். கோயில் வாசலில் உட்கார்ந்து மீதிக் கடலை மிட்டாயைத் தின்றபோது, நெல் காய வைத்த அந்த அம்மாளின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டது ஞாபகம் வந்தது.

அம்மாப்பேட்டையைத் தாண்டியதும் உடம்பு பேசத் தொடங்கியது. உள்ளங்கை மரத்தது. கழுத்து இறுகியது. உட்கார்ந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம். கடைசி 15 கி.மீ. எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று படித்திருந்ததால் அதன் போக்கிலேயே விட்டுவிட்டார். பெரிய கோயில் கோபுரம் கண்ணில் பட்டபோது மணி ஒன்று அடித்திருந்தது.

வாசலில் அம்மா. மீட்டரில் 131.

"சாப்ட்டியா?"

"ம்."

"தண்ணி?"

"மூணு லிட்டருக்கு மேலம்மா."

அம்மா காலிப் பாட்டில்களை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். சாதம் போட்டார். வத்தக்குழம்பு, அப்பளம். டீச்சர் மூன்றாவது முறை சாதம் வாங்கிக்கொண்டிருந்தபோது, அடுப்படியிலிருந்தே கேட்டார்.

"இங்கேருந்து நம்ம ஊருக்கு எம்புட்டு இருக்கும் பாப்பா? சைக்கிள்ல போனா."

கணக்கு டீச்சர் கையைக் கழுவாமலேயே போனைத் தேய்த்தார். தஞ்சாவூரிலிருந்து கந்தர்வகோட்டை வழியாகப் புதுக்கோட்டை 57. அங்கிருந்து கீரனூர் 24. மொத்தம் 81. போக வர 162.

"நூறு மைல்மா" என்றார். குரல் மாறியிருந்தது. "சரியா நூறு மைல்."

"எதுக்குப் புதுக்கோட்டையைச் சுத்தணும்? குறுக்கால போனா பாதித் தூரம்தான?"

"தூரம்தான்மா வேணும்."

அம்மா இதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. கரண்டியோடு வெளியே வந்தார். "அங்கல்லாம் இங்க மாதிரி இல்ல. ஏத்தம் இருக்கும்."

"தெரியும்."

"மாப்பிள்ளைகிட்டச் சொல்லு. காரை எடுக்கச் சொல்லி நான் முன்னாடியே போயிர்றேன். பாலவாடிக்கிட்ட நிக்கிறேன்." இரண்டு அடி போனவர் திரும்பினார். "பாலவாடியில இப்ப கக்கூஸ் கட்டியிருக்காங்களாம். ஞாயித்துக்கெழமை பூட்டிக் கெடக்கும். நான் சாவி வாங்கி வச்சிருக்கேன். நீ பாட்டுக்குத் தண்ணிய குடிச்சுக்கிட்டு வா."